பெட்டிக்குள்ள போன ஏச்சு

எங்க கொடுக்காம்பட்டிக்கு மழை பொய்ச்ச வருஷம் உண்டு, கரை உடைச்சுக் குளம் ஊருக்குள்ள வந்த வருஷம் உண்டு, வெட்டுக்கிளி வந்து கம்பங்காட்டை மொட்டையடிச்ச வருஷமும் உண்டு, அதையெல்லாம் ஊரு எப்படியோ தாங்கிக்கிட்டு. ஆனா ஏச்சு இல்லாமப் போன வருஷம்னு முப்பத்தி நாலு உண்டு, அதைத் தாங்குறதுக்குத்தான் ஊரு படாத பாடு பட்டுச்சு. ஏச்சுன்னா தெரியும்லா? வெளியூர்க்காரவ திட்டும்பாவ, வசவும்பாவ. திட்டு வேற, ஏச்சு வேற. ரோட்டுல போற எவனும் எவனையும் திட்டலாம், ஆனா ஏசுறதுக்கு உரிமை வேணும், நீ எனக்கு வேண்டியவன்னு இருந்தாத்தான் ஏச முடியும். இதை முதல்லயே சொல்லிப்புட்டேன், பின்னால வந்து புரியலைன்னு என்கிட்ட நிக்கக் கூடாது.

எங்க அம்மா பேரு பேச்சியம்மாள். பேருக்கேத்த வாயி. காலையில குடத்தைத் தூக்கிக்கிட்டுக் குழாயடிக்குப் போனான்னா, குடம் நிறையுறதுக்குள்ள ஊரை ஒரு சுத்து ஏசி முடிச்சிருவாளாம். அந்த ஏச்சுக்குப் பயந்து வாத்தியாரு ஒம்பது மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல நிப்பாராம், பால்காரன் பால்ல தண்ணி ஊத்தும்போது ரெண்டு சொட்டோட நிறுத்திருவானாம், நிக்காமப் போற பஸ்ஸுகூட அம்மா தலையைக் கண்டா பிரேக்குப் போட்டு நிக்குமாம். ஏச்சு வாங்குனவன் எவனும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனதில்லையாம், "பேச்சி ஏசிட்டாடே, இன்னைக்குப் பொழுது நல்லாருக்கும்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போவானாம். எல்லாம் 'ஆம்', 'ஆம்'தான். நான் ஒண்ணையும் கேட்டதில்லை. அதுதான் என் வயித்தெரிச்சல்.

என்ன நடந்துச்சுன்னா, எங்க அப்பாவுக்கு இளையவரு உச்சிமாகாளிச் சித்தப்பா மஸ்கட்டுல இருந்து வரும்போது ரெண்டு ஸ்பீக்கர் வச்ச டேப்செட்டு ஒண்ணு கொண்டாந்தாரு. வெள்ளி நிறம், மேல தூக்குறதுக்குக் கைப்பிடி, இழுத்தா ஆளுயரத்துக்கு வார ஏரியல். வந்த சூட்டோட ஊர்ப் பொதுக்கிணத்துல இருந்து தன் வெங்காயக் காட்டுக்கு ஒரு பைப்பையும் இழுத்துப்புட்டாரு. அம்மா விடுவாளா? பதினோரு நாள் குழாயடியில நின்னு ஏசினா. மனுஷனுக்குப் பொறுக்கலை. "மதினி ஏசுறதை அப்படியே பிடிச்சு ஊர்க்கூட்டத்துல போட்டுக் காட்டுதேன், தன் வாயைத் தானே கேட்டு வெக்கப்படட்டும்"னு சொல்லி, பன்னெண்டாம் நாள் காலையில டேப்செட்டைத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேத்து அமுத்தினாரு. அம்மா ஏசினா. ஏச ஏசச் சத்தம் தேஞ்சுக்கிட்டே போயி, குடம் நிறைஞ்சு வழியிற நேரத்துல அவ வாய் மட்டும் அசையுது, சத்தத்தைக் காணோம். அது முழுசா பெட்டிக்குள்ள போயிட்டு. வெலவெலத்துப்போன சித்தப்பா கைக்குக் கிடைச்ச பொத்தானையெல்லாம் அமுத்த, டேப்பு உள்ள உருளையில சுத்திக்கிட்டு, பெட்டி கடக்குனு நின்னு போச்சு. அப்பம் நான் அம்மா வயித்துல ஏழு மாசம்.

ஏன் போச்சு, எப்படிப் போச்சுன்னு எங்க ஊர்ல யாரும் கேக்கலை. கேட்டு என்ன ஆகப்போகுது? வெள்ளத்துல ஆடு போனா எங்க போச்சுன்னே தெரியாது, பேச்சி சத்தம் எங்க இருக்குன்னாவது தெரியுதே, பத்திரமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாவ. டேப்செட்டை எங்க வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்துல பலகை அடிச்சு உக்கார வச்சாச்சு. வீட்டுக்கு வாரவ அம்மாவைப் பாத்து ஒரு தடவை, பெட்டியைப் பாத்து ஒரு தடவை "சொகமா இருக்கியா பேச்சி"ன்னு கேப்பாவ. கல்யாணத்துக்கு அழைக்க வந்தா அம்மா கையில ஒரு வெத்திலை பாக்கு, பெட்டி மேல ஒரு வெத்திலை பாக்கு. ஒரு தடவை சென்சஸ் எடுக்க வந்தவரு "இந்தம்மாவுக்குப் பேச்சு வராதா?"ன்னு கேட்டதுக்கு, அடுத்த வீட்டுக் கனி அத்தை, "வரும் சார், பிரமாதமா வரும், இப்பம் பெட்டியில இருக்கு"ன்னு சொல்ல, அவரு பேனாவை வாயில வச்சு ரொம்ப நேரம் யோசிச்சு, 'வெளியில் தங்கியுள்ளது'ன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. எங்க அப்பா மூக்காண்டி தினமும் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் பெட்டிக்கு முன்னால உக்காந்து, "இன்னைக்கு மம்பட்டியை வரப்புலயே மறந்துட்டு வந்துட்டேன் பேச்சி", "புது வேட்டியை முள்ளுல கிழிச்சுட்டேன் பேச்சி"ன்னு ஒண்ணுவிடாம ஒப்பிப்பாரு. கொஞ்ச நேரம் காத்திருப்பாரு. அப்புறம் துண்டை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போவாரு.

அம்மா சும்மா இருந்தாளான்னா, இல்லை. கரண்டியால சட்டியைத் தட்டுவா, கையை நீட்டி மடக்கிக் கண்ணை உருட்டுவா, நாங்களும் பயந்த மாதிரி நடிப்போம். ஆனா சத்தமில்லாத ஏச்சு உப்பில்லாத புளிக்கறி. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளையில இருந்து ஒரே ஒரு ஆசைதான் இருந்துச்சு, அதைச் சொல்ல எனக்கு வெக்கமும் கிடையாது. எங்க அம்மா வாயால, அவ சத்தத்துல, நான் ஒரு ஏச்சு வாங்கணும். மத்த பிள்ளையெல்லாம் அம்மா ஏசிட்டான்னு மூக்கைச் சிந்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் வரும். எனக்கு அதுகளைப் பாத்தா பொறாமையில நெஞ்சு வேகும். "நீ வயித்துக்குள்ள இருந்து கேட்டிருப்பேட்டி வடிவு"ன்னு கனி அத்தை சமாதானம் சொல்லுவா. கேட்டு என்ன பிரயோசனம், ஒரு எழுத்து ஞாபகம் இல்லையே.

ஊரும் ஏச்சில்லாம மெலிஞ்சுதான் போச்சு. வாத்தியாரு பதினோரு மணிக்கு வந்தாரு, பாலு வெளுத்துத் தண்ணியா வந்துச்சு, பஸ்ஸு புழுதியை மட்டும் எறக்கிவிட்டுட்டுப் போச்சு. சித்தப்பா பைப்பு இழுத்த கையோட தோட்டம் வாங்கி, லாரி வாங்கி, கடைசியில பஞ்சாயத்துத் தலைவராவும் ஆயிட்டாரு. அவரை ஏன்னு கேக்க ஆளில்லை.

பெட்டியைப் பழுது பாக்க அப்பா அலையாத ஊரில்லை. கோவில்பட்டி மெக்கானிக்கு திருப்புளியை எடுத்தவரு, உள்ள ஒரு பொம்பளை சத்தம் இருக்குன்னு கேட்டதும் திருப்புளியைக் கீழ வச்சுட்டாரு. தென்காசிக்காரரு, "டேப்பு அறுந்துச்சுன்னா அந்தம்மா கதி என்னய்யா, அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோயிக் கழுவ"ன்னு கும்பிட்டு அனுப்பிட்டாரு. எவனும் தொடமாட்டேன்னா நாமதான் தொடணும்னு, நான் ஐ.டி.ஐ.யில சேந்தேன், மிக்ஸிக் கடையில கிடந்தேன், ஃபேன் சுத்துனேன், டிவி திறந்தேன், கைக்கு நம்பிக்கை வர எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. போன தை மாசம் பஸ் ஸ்டாப்புல 'வடிவு சர்வீஸ்'னு போர்டு மாட்டுன அன்னைக்கே, அப்பா பெட்டியைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்து என் மேசையில வச்சாரு. பின்னாலயே அம்மா வந்து ஸ்டூல்ல உக்காந்தா.

மூடியைத் திறந்தேன். திறந்தா, ஒரு பொத்தானும் தெரியலை. ஒரே சந்தனம். எங்க வீட்டுல ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கு, மம்பட்டிக்கு, சைக்கிளுக்கு, தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போது பெட்டிக்கும் வச்சிருக்காவ. ஒரு பொட்டு வச்சாப் போதாதாம். உள்ள இருக்கது பேச்சியில்லையா, அதனால பொத்தானுக்குப் பொத்தான் அப்பி, மேல குங்குமம் வச்சு, வருஷத்துக்கு ஒரு அடுக்காக முப்பத்தி நாலு அடுக்கு, செங்கல்லாட்டம் இறுகிக் கிடக்கு. அது பத்தாதுன்னு உள்ள விரலை விட்டா வழுவழுங்குது. "யாருப்பா உள்ள எண்ணெய் விட்டது?"ன்னேன். அப்பா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "காஞ்சு போயிருமேன்னு நாந்தான் வெள்ளிக்கு வெள்ளி ரெண்டு சொட்டுத் தேங்காண்ணெய்..."ன்னாரு. டேப்பை இழுக்குற ரப்பர் உருளையில தேங்காண்ணெய்! நான் போட்ட சத்தத்துல தெருநாய் எந்திரிச்சு ஓடுச்சு. அம்மா சத்தமில்லாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

ஆனா அந்தச் சந்தனத்தைச் சுடுதண்ணி வச்சு, பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷ்ஷால அடுக்கடுக்கா ஊற வச்சு எடுக்கும்போது ஒண்ணு கண்டேன். சிவப்புப் பொத்தான் அமுங்குனது அமுங்குனபடியே சந்தனத்துக்கு அடியில கிடக்கு. எந்த மெக்கானிக்காவது அவசரப்பட்டு இதுக்குக் கரண்டு குடுத்திருந்தா, சித்தப்பா அமுத்துன அமுக்குல பின்னுக்குச் சுத்திக்கிடந்த டேப்பு மேலயே பெட்டி மறுபடி பதிய ஆரம்பிச்சு, இருக்குற சத்தத்தை அழிச்சிருக்கும். அதைத் தடுத்தது அந்தக் கோவில்பட்டிக்காரரு பயந்த பயம்தான். அவரு நல்லாருக்கணும், அவரு பிள்ளைகுட்டி நல்லாருக்கணும்.

உருளையில சுத்துன டேப்பைக் கொண்டை ஊசியால ஒவ்வொரு சுத்தா விடுவிச்சேன். ஒரு சுத்து விட்டா அம்மாவுக்கு ஒரு விக்கல் வரும். கொஞ்சம் இழுபட்டா தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு இருமுவா, நான் நிறுத்துவேன், அப்பா தண்ணி குடுப்பாரு, விக்கல் அடங்குனதும் அம்மா கையைக் காட்டுவா, நான் அடுத்த சுத்தைத் தொடுவேன். இப்படிப் பதினேழு சுத்து விடுவிக்க மூணு நாள் ஆச்சு. கசங்குன இடத்தை விரலுக்கு நடுவுல வச்சு நீவிவிடும்போது, அம்மா கண்ணை மூடி, சூடா சுக்குத்தண்ணி இறங்குன மாதிரி மூச்சு விட்டா. கடைக்கு மிக்ஸி கொண்டுவந்தவளெல்லாம் மிக்ஸியை மறந்துட்டு உக்காந்து, "மெதுவாட்டி, மெதுவா, தொண்டைட்டி"ன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாவ. எனக்கா தெரியாது?

கேசட்டோட முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்னப் பல்லு மாதிரி பிளாஸ்டிக்கு இருக்கும், அதை உடைச்சுட்டா அதுக்கு மேல எவனும் ஒண்ணும் பதிய முடியாது. உடைக்கச் சொல்லி அம்மா கையில குடுத்தேன். அவ இடுப்புல இருந்து பாக்குவெட்டியை எடுத்து, பாக்கு வெட்டுற மாதிரியே நறுக்கு நறுக்குனு ரெண்டையும் வெட்டி எறிஞ்சா.

பெட்டிக்குள்ள இருந்த பெல்ட்டெல்லாம் உருகித் தாராப் போயிருந்துச்சு. மதுரையில இருந்து புதுசு வர ஒரு வாரம் ஆகும்னான் கடைக்காரன். எனக்குப் பொறுமை ஏது? ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, வேற ஒரு வெறுங்கேசட்டைப் போட்டு, கனி அத்தையோட சேவல் கூரையில நின்னு கூவுனதைப் பதிஞ்சு பாத்தேன். சேவல் சத்தம் உள்ள போயிட்டு. திருப்பி ஓட்டுனேன். அதுக்குள்ள ரப்பர் பேண்டு தொய்ஞ்சுட்டு. சத்தம் திரும்பி வந்துச்சு, வந்தது என்னமோ வந்துச்சு, எருமைச் சத்தமா வந்துச்சு. அந்த வாரம் முழுக்க அந்தச் சேவல் மார்பை நிமுத்தி, கழுத்தை நீட்டி, எருமையாட்டம் முக்கிக்கிட்டே கிடந்துச்சு, கோழியெல்லாம் பக்கத்துல வராம ஓடுச்சு. "என் சேவலைக் கெடுத்துட்டியேடி பாவி"ன்னு கனி அத்தை ஒரு பக்கம் அழுதா. எனக்கு அது பெருசாத் தெரியலை. வேகம் ஒரு இழை தப்புனா எங்க அம்மா கதியும் இதுதானேன்னு ரப்பர் பேண்டைக் கழத்தி எறிஞ்சுட்டு, பெல்ட்டு வாரவரை பெட்டியைத் தொடலை.

பெல்ட்டு வந்துச்சு. ஒடைஞ்ச கார் செட்டு ஒண்ணுல இருந்து நல்ல உருளை எடுத்து மாட்டினேன். தையல்காரர் வீட்டுல இருந்த மேளக் கேசட்டு ஒண்ணு, ஒரு பக்கம் சரியா அரைமணி நேரம் ஓடணும். அதைப் போட்டுப் போட்டு, கடிகாரத்தைப் பாத்துப் பாத்து, மோட்டாருக்குப் பின்னால இருக்க சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாத் திருப்பி, அரைமணிக்கு அரைமணி நிக்க வச்சேன். சேவலை மெதுவான வேகத்துல பதிஞ்சு, சரியான வேகத்துல ஓட்டி, அது சத்தத்தையும் மீட்டுக் குடுத்துட்டேன். ஒரு இழை கூடிப்போச்சு. இன்னைக்கும் அது கொஞ்சம் அவசரமாத்தான் கூவும்.

இந்த நேரம் பாத்துச் சித்தப்பா கடை வாசல்ல வந்து நின்னாரு. "பெட்டி என்னோடதுலா, வடிவு? முடிஞ்சுட்டுன்னா குடுத்துரு, நான் கொண்டுபோறேன்"ன்னாரு. அவருக்கு ஏன் அவசரம்னு ஊருக்கே தெரியும். வார மே ஒண்ணாந்தேதி கிராம சபையில, குளத்தை மூடிக் கடை கட்டுறதுக்குத் தீர்மானம் போட இருந்தாரு. விஷயம் தெருவுக்கு வந்து, தெரு ரெண்டாப் பிரிஞ்சு, பெட்டி அவரு கொண்டுவந்ததுதானேன்னு நாலு பேரும், சத்தம் பேச்சியதுதானேன்னு நாப்பது பேரும் பேசி, கடைசியில எங்க அப்பா, தம்பிக்கு முன்னால குரலை உயத்தியே பழக்கமில்லாத மனுஷன், "பெட்டி உன்னது, நீ கொண்டுபோ. உள்ள இருக்கது என் பொஞ்சாதி. அவளை எறக்கி விட்டுட்டுக் கொண்டுபோ"ன்னாரு. ஊரு அதையே தீர்ப்பாக்கிட்டு. எங்க எறக்குறதுன்னு கேட்டதுக்கு அம்மா கையை நீட்டிச் சமுதாயக்கூடத்தைக் காட்டினா. கிராம சபையில.

மே ஒண்ணாந்தேதி காலை பத்து மணிக்குச் சமுதாயக்கூடத்துல நிக்க இடமில்லை. பால்காரன் துவைச்ச சட்டை போட்டு வந்திருந்தான், வாத்தியாரு லீவு நாள்லயும் வந்து முன்வரிசையில உக்காந்திருந்தாரு. நான் ஒயரைச் சொருகி, பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோறேன், கரண்டு போயிட்டு. யாரு பீஸைப் புடுங்குனாவன்னு நான் சொல்லமாட்டேன். சித்தப்பா மச்சினன் விரல்ல கரி இருந்துச்சு, அவ்வளவுதான் சொல்லுவேன். "அப்பம் அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்"னு சித்தப்பா தீர்மானத் தாளை எடுத்தாரு.

"பெட்டி பேட்டரியிலயும் ஓடும்"னு கத்தினேன். "கட்டை பேட்டரி எட்டு வேணும், அத்தனையும் புதுசா வேணும், ஒண்ணு நைஞ்சதா இருந்தாலும் வேகம் குறையும், அம்மா எருமையாயிருவா!" சனம் வீட்டுக்கு ஓடுச்சு. இப்பமெல்லாம் யாரு டார்ச்சு வச்சிருக்கா, எல்லாரும் செல்போன் வெளிச்சந்தான். பால்காரன் ரெண்டு கொண்டாந்தான், வாத்தியாரு ரெண்டு, கனி அத்தை மாடத்துல இருந்த ரேடியோவைப் பிரிச்சு ரெண்டு, தையல்காரர் ஒண்ணு. ஏழு. எட்டாவது இல்லை. ஊரு முழுக்கத் தேடியாச்சு, இல்லை. அம்மா பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு நிக்கா. எனக்கு ஓன்னு அழணும்போல இருந்துச்சு.

அப்பம் சித்தப்பா எந்திரிச்சாரு. மெதுவா மேடையை விட்டு இறங்குனாரு. வெளிய நின்ன தன்னோட ஜீப்புல இருந்து பெரிய டார்ச்சு லைட்டை எடுத்துக்கிட்டு வந்து, பின்மூடியைத் திருகி, ஒரு பேட்டரியைத் தட்டி எடுத்து என் கையில வச்சாரு.

"நேத்துத்தான் போட்டேன், புதுசு"ன்னாரு. அப்புறம், யாரையும் பாக்காம, "எங்க அம்மா செத்தப்பம் எனக்கு ஆறு வயசு. அதுக்குப் பிறகு நீ செய்யிறது தப்புலேன்னு என்கிட்டச் சொன்னது மதினி ஒருத்திதான். முப்பத்தி நாலு வருஷமா எல்லாரும் என்னைச் சரிங்க தலைவரேன்னுதான் சொல்லுதாவ, வடிவு. என்னால முடியலை, போடு"ன்னாரு.

போட்டேன். பொத்தானை அமுத்தினேன்.

முதல்ல ஒரு இரைச்சல். அப்புறம் குழாய்ல தண்ணி விழுற சத்தம், குடம் இடிக்கிற சத்தம், அப்புறம் எங்க அம்மா. "ஏலே உச்சிமாகாளி! கட்டையில போறவனே! ஊருத் தண்ணி என்ன உன் மாமியா குடுத்த சீதனமாலே, பைப்பைப் போட்டு இழுக்குதே? இங்க குடத்தோட நிக்கிறவ எல்லாம் உனக்குப் பிறத்தியாளாலே? மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச பயலை இந்தத் தண்ணியை எறச்சுத்தானலே குளுப்பாட்டினேன், இந்தத் தண்ணியில பொங்குன சோத்தைத்தானலே ஊட்டினேன்!" அம்மா வாயும் கூடவே அசைஞ்சுச்சு, வார்த்தைக்கு வார்த்தை, ஒரு எழுத்து பிசகலை. முதல் ரெண்டு வார்த்தை ஸ்பீக்கர்ல இருந்து வந்துச்சு, அடுத்த வார்த்தை ஸ்பீக்கர்ல பாதி அம்மாகிட்டப் பாதியா வந்துச்சு, போகப்போகப் பெட்டியில சத்தம் குறைஞ்சு அம்மாகிட்டச் சத்தம் ஏறி, "உன்னை ஏன்னு கேக்க நாதியில்லைன்னு நினைச்சியாலே? நான் இருக்கேம்லே!"ங்கும்போது பெட்டி வெறுமனே சுத்துது, கூடத்துச் சுவரு அதிருது, அது முழுக்க முழுக்க எங்க அம்மா தொண்டை. முப்பத்தி ரெண்டு வயசுத் தொண்டை, கணீர்னு, வெங்கலப் பானையைத் தட்டுன மாதிரி.

டேப்பு முடிஞ்சு பொத்தான் டக்குனு மேல வந்துச்சு. அம்மா நிறுத்தலையே! "அன்னைக்குக் கிணத்துத் தண்ணி, இன்னைக்குக் குளமாலே? அந்தக் குளத்துல ஒரு கூடை மண்ணு விழுந்துச்சு, உன்னை அதே குளத்துச் சகதியில நட்டு வச்சு நாத்துப் பாவிருவேன், பாத்துக்கோ! அந்தத் தாளைக் கிழி!" சித்தப்பா, ஊரே சரிங்கன்னு சொல்லுற தலைவரு, கண்ணுல தண்ணி தாரை தாரையா ஓட, "சரி மதினி, சரி மதினி"ன்னு தாளை நாலாக் கிழிச்சாரு. அப்புறம் எழும்புச்சு பாருங்க ஒரு கைதட்டு, அடுத்த ஊர்க்காரவ வெடிச்சத்தம்னு நினைச்சு வாசலுக்கு வந்துட்டாவளாம்.

மூணு நாள் ஏசினா. பாக்கி வைக்காம ஏசினா. வாத்தியாருக்கு ஒரு மணி நேரம், பால்காரனுக்கு ஒண்ணரை மணி நேரம், பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து வாங்கிக்கிட்டுப் போனாரு. எங்க வீட்டு வாசல்ல வரிசை நின்னுச்சு. திருப்பூருக்குப் பொழைக்கப் போனவனெல்லாம் வீடியோ காலில வந்து, "அத்தே, எனக்கும் ரெண்டு போடுங்க"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டான். அப்பா முதல் நாளே, மம்பட்டி, வேட்டி, தேங்காண்ணெய் எல்லாத்துக்கும் சேத்து வாங்கிட்டு, மாப்பிள்ளை மாதிரி தெருவுல நடந்தாரு. சித்தப்பா வெறும்பெட்டியைக் கொண்டுபோறேன்னு வந்தவரு அதை மறந்துட்டு, இன்னொரு வாட்டி வரிசையில நின்னு ஏச்சு வாங்கிக்கிட்டுப் போனாரு.

எல்லாருக்கும் கிடைச்சுது. எனக்குக் கிடைக்கலை.

என்னைக் கண்டா அம்மா குரலு குழைஞ்சு போவுது. "வாம்மா தாயி", "சாப்பிட்டியா என் சாமி", "என் தொண்டையை மீட்ட தெய்வமே"ங்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தெய்வமாம்ல! ஊருக்கெல்லாம் ஏச்சு, எனக்கு மட்டும் பூசையா? ஊருக்கும் தெரிஞ்சு போச்சு. "பாவம், வடிவுக்கு இன்னும் கிடைக்கலையாம்"னு குழாயடியில பேசிக்கிட்டாவ. கனி அத்தை அம்மாகிட்டயே போயி, "பிள்ளை ஏங்கிப் போயிட்டுட்டி, ஒண்ணு ஏசிவிடு"ன்னு கேட்டிருக்கா. "அதுமேல என்னத்தைக் குத்தம்னு சொல்லி ஏச, வாய் வரமாட்டேங்கே கனி"ன்னு அம்மா கையைப் பிசைஞ்சாளாம். நான் கடைக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், அப்புறம் ஒரு ஃபேனைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்தேன், பிரிச்சா ஒண்ணும் நினைவிருக்காது எனக்கு.

மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். அம்மா தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்தா. உள்ள வந்தவ, மேசைக்கடியில கிடந்த முந்தாநாள் தூக்குச்சட்டியைப் பாத்தா. திறந்தா. சோறு அப்படியே இருந்து, நூல் விட்டு, பூசணம் பூத்திருக்கு. அதுக்குப் பக்கத்துல நேத்து சட்டி, அதுவும் அப்படியே. நிமிந்து என்னைப் பாத்தா. சீவாத தலை, கை ரெண்டும் கிரீஸு, மூக்கு நுனியில ஒரு கரிப்பொட்டு. அம்மா மூஞ்சி செவந்துச்சு. தூக்குச்சட்டியை மேசையில டங்குனு வச்சா.

"ஏட்டி வடிவு! வெளங்காத மூதி! ஒருத்தி வேகாத வெயில்ல சோத்தைத் தூக்கிக்கிட்டு வாரா, அதைப் பூசணம் பூக்க விட்டுட்டு அந்த ஃபேனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுக் கிடக்கியே, அதுவாட்டி உனக்குச் சோறு போடும்? தலையில என்னட்டி அது, தலையா தூக்கணாங்குருவிக் கூடா? எண்ணெய் தேச்சு எத்தனை நாளாச்சு? எலும்புந்தோலுமா நிக்கியே, பாக்குறவ என்னையல்லாட்டி கேப்பாவ! முப்பத்தி நாலு வயசாகுது, வேளைக்குத் திங்கத் தெரியலை, கோட்டிக்காரி! யாரு பெத்த பிள்ளைட்டி நீ?"

நான் ஸ்டூலைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சேன். தெரு முழுக்கக் கேக்கணும்னு, அவ தொண்டைக்கு என் தொண்டை இளைச்சதில்லைன்னு கத்தினேன்.

"நீ பெத்த பிள்ளைதாம்மா! நீ பெத்த பிள்ளைதான்!"

எதிர்த்தாப்புல பஸ்ஸுக்கு நின்ன பொம்பளையெல்லாம் ஒண்ணுபோலக் குலவை போட்டாவ.